குடல் புற்றுநோய் குடும்பத்துல தொடருதுங்களா?

அப்புச்சிக்குக் குடல்ல கட்டி, பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையில, இப்ப மாமனுக்கு 45 வயசுல. குலசாமி குத்தம்னு விட்றாதீங்க. லிஞ்ச் சிண்ட்ரோமா இருக்கலாம்; குடல், கர்ப்பப்பைப் புற்று பரம்பரையா வர்ற கோளாறுங்க அது. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 மாதிரி மரபணு பழுதா இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. ஆண், பொண்ணு வித்தியாசமில்லீங்க.

முதல்ல நோய் வந்தவரோட கட்டியில எம்எம்ஆர் சோதனை, அதாவது டிஎன்ஏ பிழையைச் சரிசெய்யற புரதம் இருக்கான்னு பாக்கறது. ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரியில பாரஃபின் பிளாக்கை (மெழுகுல பதிச்சு வச்ச கட்டித் துண்டு) கேட்டு வாங்குங்க. அதுல பழுது தெரிஞ்சா அவருக்கே ரத்தத்துல மரபணு சோதனை, அப்புறம்தான் கூடப்பொறந்தவங்களுக்கு.

எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 பழுது இருக்கறவங்களுக்கு 20-25 வயசுலயே கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பாக்கற சோதனை), 1-2 வருசத்துக்கு ஒருக்கா. இவங்களுக்குப் பாலிப் (குடல் உள்சுவர்ல வளர்ற சதை) சீக்கிரமே புற்றா மாறிடும், அதனால தள்ளிப்போடாதீங்க. சோதனைக்கு ரெண்டு நாள் முன்னாடியே கீரை, கொள்ளு, கம்பு, கொய்யா வேண்டாம். குடல் சுத்தமாகலைன்னா வலப்பக்கத் தட்டைப் பாலிப் கண்ணுல படாதுங்க.