அந்தரத்தில் ஓர் ஆள்

பாரிஸில் ஓவியங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். தாளில் வரைந்தவை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒருநாள் பெரிய கூரை ஓவியம் ஒன்றுக்காகப் பென்சிலில் போட்டுப் பார்த்த முன்வரைவு வந்தது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். துணி பறக்க, கைகளை விரித்துக்கொண்டு அந்தரத்தில் பாயும் ஓர் ஆள். தரை இல்லை, நிழல் இல்லை. ஓரத்தில் சிவப்பாக ‘இ.டி.’ முத்திரை.

நம் ஊர் அமலாக்கத் துறை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவாவின் முதலெழுத்துகள். எழுத்து எந்தப் பக்கம் நேரோ, படமும் அந்தப் பக்கம்தான் நேர் என்று முடிவு கட்டிவிட்டேன். ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு பட்டைகள் கிழித்து, கோதுமை மாவுப் பசை தடவி, மேல் விளிம்பில் ஒட்டி, பின்னால் தாங்கும் அட்டையான மவுன்ட் போர்டில் பொருத்தினேன். ஆள் ஜோராக மேலே எழும்பிப் பறந்தான்.

முதலாளியம்மா வந்து பார்த்தார். “மேசையில் படு” என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். போர்டை என் முகத்துக்கு மேலே பிடித்து மெல்லச் சுற்றினார். அரைச் சுற்று வந்ததும், அதுவரை ஏறிக்கொண்டிருந்தவன் என் மேல் விழ ஆரம்பித்தான். சின்னதாகக் கிடந்த பாதங்கள் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டன. அளவு தப்பிப்போய்விட்டதோ என்று நான் நினைத்திருந்த அந்தப் பெரிய கை, மூக்குக்கு நேரே நின்றது.

அப்புறம்தான் முத்திரையின் கதையைச் சொன்னார். அது டெலாக்ருவா குத்தியதே இல்லையாம். 1863 இல் அவர் இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் விட்டுப்போனவை ஏலத்துக்கு வந்தபோது குத்தியது அது. வரைதாள்கள் மட்டுமே ஆறாயிரத்துக்கு மேல். இத்தனை தாள்களுக்கும் முத்திரை குத்தியவர் ஒவ்வொன்றிலும் எது தலை, எது கால் என்று நின்று பார்த்திருப்பாரா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம் போய் அப்பல்லோ கூடத்தில் கழுத்து வலிக்க நின்றேன். அந்தக் கூரையின் நடுப்பகுதியைப் பதினேழாம் நூற்றாண்டில் லெ ப்ரன் என்ற ஓவியர் முடிக்காமலே விட்டிருந்தார்; 1851 இல் டெலாக்ருவா நிரப்பினார். கித்தானில் தீட்டிக் கூரையில் ஒட்டியது, 8 மீட்டருக்கு 7.5 மீட்டர். மேலே தேரில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோ, கீழே அவர் கொல்லும் பைத்தான் பாம்பு, நடுவில் கடவுள்கள் கண்டபடி பாய்கிறார்கள். சின்னத் தாள்களில் இருந்த யோசனை இந்த அளவுக்கு வளர ஆந்திரியே என்ற உதவியாளரும் உழைத்தார். அப்படியென்றால் அந்தத் தாள்கள் அழகு பார்க்க வரைந்தவை அல்ல, வேலைத்தாள்கள். கட்டடத்துக்கு வரைபடம் மாதிரி.

அதே லூவ்ரின் இன்னொரு கூரைக்கு 1827 இல் ஆங்க்ர் என்ற ஓவியர் கிரேக்கக் கவிஞர் ஹோமரை வரைந்தார். எல்லாரும் சுவரோவியத்தில் போல நேராக உட்கார்ந்தும் நின்றும் இருப்பார்கள். பின்னால் அதை இறக்கிவிட்டுக் கூரையில் நகலை ஒட்டினார்கள். அசல் சுவரில் வெகு இயல்பாக இருக்கிறது. எனக்கு அது கூரை ஓவியமாகவே படவில்லை. ஆனால் அதற்கான முன்வரைவுகளில் என்னைப் போன்றவன் தப்புச் செய்ய வழியில்லை, அது உண்மை.

டெலாக்ருவா 1854 இல் பாரிஸ் நகர மன்றத்தில் முடித்த கூரை 1871 இல் கட்டடத்தோடு எரிந்துபோனது. இப்போது அதைப் பார்க்க வேண்டுமென்றால் முன்வரைவுகளைத்தான் பார்க்க வேண்டும். இது தெரிந்தபிறகு தாளைத் தொடவே சில நாள் கை கூசியது.

சரி, வேலை முடிய வேண்டுமே. பட்டைகளை ஈரப்படுத்தி, பசை இளகும்வரை காத்திருந்து, பிரித்து, எதிர் விளிம்பில் ஒட்டினேன். படத்தின் உரிமையாளர் வந்து வெகுநேரம் பார்த்தார். முதலாளியம்மா விளக்கிச் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “எங்கள் வீட்டில் இவன் எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தான்” என்றார்.

மறுபடியும் பட்டைகளை ஈரப்படுத்தினேன்.