மரம் இழுத்த பாதையில் புலி

முதுமலையில் புலிக் கணக்கெடுப்புக்குத் தானியங்கி கேமரா கட்டும் பணியில் இருந்தேன். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் இரண்டு கேமராக்கள் கட்டுவோம். எங்கே கட்டுவது என்பதை வரைபடம் பாதிதான் சொல்லும். மீதியைச் சொன்னவர்கள் உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள். புழுதியில் கால்தடம், மரத்தில் நகக்கீறல், காய்ந்த எச்சம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இங்கே கட்டுங்கள் சார்” என்பார்கள். அங்கே படம் விழும்.

அந்த இடங்களில் பல, வெட்டிய மரத்தை இழுத்துப்போன பழைய பாதைகள். உண்ணிச்செடிப் புதருக்குள் உரசிக்கொண்டு போவதைவிடத் திறந்த தடத்தில் நடப்பதையே புலி விரும்பும். அந்தத் தடமோ ஒரு காலத்தில் தேக்கு, ஈட்டி மரங்களை காட்டுக்கு வெளியே கொண்டுபோகப் போட்டது. தெப்பக்காடு முகாமின் யானைகளுக்கும் அன்று மரம் இழுப்பதுதான் வேலை. இன்று அவை ரோந்து போகின்றன, ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டக் கும்கியாகப் போகின்றன. பாகன்களில் பலர் அப்பா, தாத்தா வழியில் அதே முகாமில் வளர்ந்தவர்கள்.

1940-இல் ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டரில் சரணாலயமாகத் தொடங்கிய காடு இது. பிறகு 321 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. சரணாலயம் என்று அறிவித்த பிறகும் பல ஆண்டுகள் இங்கே மரம் வெட்டினார்கள் என்பதைச் சுற்றுலா வருபவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. வண்டி ஏறியதும் அவர்கள் கேட்பது, எத்தனை புலி என்பதைத்தான்.

காப்பகம் ஆனபின் முதுகுளி, நாகம்பள்ளி போன்ற ஊர்களின் குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. புலிக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தைக் கொடுத்தவர்களின் கதை இல்லாத காட்டு வரலாற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

எந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது, எந்தச் சரிவில் எந்த யானை மரம் இழுத்தது என்பதெல்லாம் வயதான பாகன்களுக்குத் தெரியும். புலிப்படம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துச் சேமிக்கும் நாம், இவர்கள் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் காட்டுக்குள் கேமரா வேலை குறையும். அந்த மாதங்களிலேயே தொடங்கிவிடலாம்.