640 எப்படி 1.1 ஆனது? கொரோனாவுக்குப் பின் அப்பாவின் ரத்தக்கட்டியோடு அலைந்த கதை

2021 மே. பெட் கிடைக்காமல் அலைந்தது, ஆக்சிஜன், ஊசி எல்லாம் அந்த மாதம் பாதி ஊர் பட்டதுதான், அதை விடுகிறேன். அப்பா டிஸ்சார்ஜ் ஆன பிறகு நடந்த கூத்தைத்தான் எழுத வேண்டும்.

சம்மரியில் "டி-டைமர் 640" என்று இருந்தது. அலகு இல்லை. கொரோனா கிருமி ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடுவதால் ரத்தம் சட்டென்று உறையப் பார்க்கும். உறைந்ததை உடம்பு கரைக்கும்போது மிஞ்சும் துணுக்குதான் டி-டைமர். சில நாள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்து லேபில் கொடுத்தோம். 1.1 என்று வந்தது.

"சூப்பர் மேடம், 640 இருந்தது ஒண்ணுக்கு வந்துடுச்சு" என்றான் லேப் பையன். குடும்ப வாட்ஸப்பில் கைகூப்பும் படங்கள் குவிந்தன.

எந்த மருந்தில் அப்படிக் குறையும்? ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் "மைக்ரோகிராம், எஃப்.இ.யு" என்று அலகு இருந்தது. ஆஸ்பத்திரி லேபுக்குப் போன் போட்டால் ஒவ்வொருவராக அடுத்தவருக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு புண்ணியவதி எடுத்துப் பார்த்துச் சொன்னார்: அவர்களுடையது நானோகிராம், அதுவும் டி.டி.யு என்ற வேறொரு அலகில். டி.டி.யு கணக்கை ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால்தான் எஃப்.இ.யு. ஆக எஃப்.இ.யு கணக்கில் 640 என்பது கிட்டத்தட்ட 1280 நானோகிராம், 1.1 மைக்ரோகிராம் என்பது 1100 நானோகிராம். வழக்கமான எல்லை 500. பெரிதாக ஒன்றும் குறையவில்லை. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள்.

டாக்டரிடம் போனில் சொன்னதும், "நம்பர் இருக்கட்டும், காய்ச்சல் வந்து போனாலே கொஞ்ச நாள் ஏறித்தான் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா பாருங்க" என்றார். வீங்கியிருந்தது. இடது கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலி. "படுத்தே கிடந்ததுல வந்தது" என்று அப்பா அதை மூச்சுவிடாமல் வைத்திருந்தார்.

காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போனால் கவுன்டரில் இருந்தவர் முன்பணம் வாங்கிக்கொண்ட பிறகு கேட்கிறார்: "ஆர்.டி.பி.சி.ஆர் நெகட்டிவ் எங்கே?" மிதமான பாதிப்பில் தேறியவர்களுக்கு டிஸ்சார்ஜின்போது மறுபடி டெஸ்ட் வேண்டாம் என்பதுதான் அன்றைய மத்திய அரசு விதி. எங்களிடம் அந்தக் காகிதம் இருக்க வாய்ப்பே இல்லை. தேறிய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டக்கூடிய டெஸ்ட் வேறு. "ரூல்ஸ் மேடம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வீங்கின காலோடு அப்பாவை மறுபடி ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டரே தனக்குத் தெரிந்த வேறு இடத்துக்குப் பேசி, அங்கே எடுத்தோம். முழங்காலுக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. (இதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஸ்கேன் சென்டர் பக்கமே போகாதீர்கள், நேரே எமர்ஜென்சி. கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம்.)

ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி, கூடவே வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒருநாள் திடீரென்று எகிறிப்போய் வந்தது. நீல மூடிக் குப்பியில் கோடு வரை ரத்தம் நிரப்பாவிட்டால் அளவு தப்பாக ஏறிக் காட்டுமாம். எங்கள் லேப் பையன் பாதிதான் நிரப்பியிருந்தான். மறுபடி எடுத்ததில் 2.4. அன்றிலிருந்து குப்பியை நான் பார்த்த பிறகுதான் மூடுவான்.

வார்ஃபரின் சாப்பிடும்போது கீரையே கூடாது என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். டாக்டர் சொன்னது வேறு: சாப்பிடலாம், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக. கால்வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து, ரத்தக்கசிவு வரும்.

மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். அப்பா இப்போது மாடிப்படி ஏறுகிறார். அந்த ஸ்கேன் சென்டர்க்காரர்கள் மட்டும் முன்பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, ரசீது என்னிடம்தான் இருக்கிறது.