ஒரு ரோல், பதினொரு நாள்: பென்டாக்ஸ் கே1000

ஜனவரி 7, 2024

பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவுக்கு ஒரு ரோல்: ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) 400, கறுப்பு வெள்ளை, 36 படம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை டப்பா திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். உடனே திறந்தால் ஃபிலிம் வியர்த்துவிடும்.

நிழலில் மாட்டுவது நல்லது. இடப்பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்மூடி திறக்கும். ரோலை வைத்துக் குமிழை அழுத்தி, ஃபிலிம் நாக்கை வலப்பக்க உருளையின் பிளவில் செருகி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கவும். மேல்வரிசை, கீழ்வரிசைத் துளைகள் இரண்டும் பல்லில் உட்கார்ந்த பிறகே மூட வேண்டும். மூடியதும் குமிழின் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றித் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போதெல்லாம் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலவில்லையா, ஃபிலிம் உள்ளே நகரவில்லை. படம் எண்ணும் கவுண்டரோ அது தெரியாமல் 36 வரை ஓடும், அதை நம்பாதீர்கள்.

ஷட்டர் டயலின் வெளிவளையத்தைத் தூக்கிச் சுற்றி 400-ல் வைக்க வேண்டும். 1976-ல் வந்த மாடல். ஐஎஸ்ஓவைச் சொல்லும், ரோல் மேலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்களை இது படிக்காது. பழைய ரோலின் 100 அப்படியே கிடந்தால் எல்லாப் படத்திலும் இரண்டு ஸ்டாப் கூடி வெளிச்சம் நான்கு மடங்காகிவிடும்.

ஜனவரி 9

திருமலை நாயக்கர் மகால். ஃபோகஸ் பழக இதைவிடக் கடினமான இடம் மதுரையில் குறைவு. வியூஃபைண்டர் நடுவில் உள்ள மைக்ரோபிரிசம் வட்டம், ஃபோகஸ் தவறினால் நொறுங்கி மினுங்கும். சரியானால் தெளிந்து நிற்கும். ஆனால் அதற்குப் பிடிக்க ஏதாவது கோடு வேண்டும். மகால் தூணின் வழுவழுப்பான சுதையில் எதுவும் கிடைக்காது. தூணின் விளிம்பு பின்னால் இருக்கும் இருட்டோடு சேரும் கோட்டில் வட்டத்தை வைத்தால் உடனே பிடிக்கும்.

தெளிவு வந்ததும் ஃபோகஸ் வளையத்தை நிறுத்திவிடக் கூடாது. கொஞ்சம் தாண்டிப் போய், மங்கியதும் திரும்பி வந்து நடுவில் நிறுத்த வேண்டும். ஒரே திசையில் தேடும் கை பெரும்பாலும் முன்னதாகவே நின்றுவிடும்.

பூக்கட்டும் விரல்களை 50 மி.மீ. லென்ஸில், எஃப்/2-ல் (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், 5 செ.மீ. கூட இல்லை. ஃபோகஸ் வைத்த பின் உடம்பு முன்னே சாய்ந்தால் விரல் போய் மல்லிகைச் சரம்தான் தெளிவாக விழும். இந்த கேமராவில் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் வசதி இல்லை. எஃப்/5.6 வைத்தாலும் வியூஃபைண்டரில் தெரிவது எஃப்/2 காட்சிதான்.

ஜனவரி 11

மாசி வீதிகளில் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிராது. உச்சி வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப்/16 (சிறிய துளை), ஷட்டர் 1/500 நொடி. 50 மி.மீ. லென்ஸின் முடிவிலிக் குறியை (∞) அதன் மேலுள்ள ஆழ அளவுகோலின் 16-க்கு நேரே வைத்தால் ஃபோகஸ் சுமார் 5 மீட்டரில் நிற்கும். இரண்டரை மீட்டர் சொச்சத்திலிருந்து தொலைவு முழுக்கத் தெளிவு. வளையத்தைத் தொடவே வேண்டாம்.

கோபுரத்துக்கு மட்டும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் முள்ளை அப்படியே நம்பக் கூடாது. வானம் சேர்ந்தால் முள் ஏமாந்து, சுதைச் சிற்பமெல்லாம் கறுத்துவிடும். அதே வெயில் விழும் தெருவைப் பார்த்து முள்ளை நேராக்கிவிட்டு மேலே திருப்புங்கள்.

ஜனவரி 15

தை ஒன்று, அவனியாபுரம். பாயும் காளையின் பின்னால் வளையத்தைச் சுற்றி எந்தக் கையும் ஜெயிக்காது. 135 மி.மீ. லென்ஸில், வாடிவாசலுக்குச் சற்று முன்னால், 15 மீட்டரில் தரையைப் பிடித்து வைத்துவிட வேண்டும். எஃப்/8-ல் பன்னிரண்டரை முதல் பதினெட்டரை மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். ஷட்டர் 1/1000. காளை அந்த இடத்துக்கு வருவதற்கு ஒரு கணம் முன்பே அழுத்த வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலெழும் நேரமும் கணக்கில் உண்டு. எடுத்த கையோடு லீவரை முழுசாக இழுத்து வையுங்கள். பாதியில் விட்டால் அடுத்த காளைக்கு ஷட்டர் விழாது.

ஜனவரி 17

லீவர் பாதியில் இறுகினால் ரோல் முடிந்தது. இன்னும் ஒரு படம் என்று பலத்தைக் காட்டினால் துளைகள் கிழியும், அல்லது ஃபிலிம் ரோலிலிருந்தே பிய்ந்து வரும். பிய்ந்தால் இருட்டுப் பையில்தான் திறக்க வேண்டும்.

அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் நிதானமாகச் சுற்றவும். கடைசியில் ஒரு சிறு இழுப்பு, பிறகு கை லேசாகிவிடும். அதன் பிறகே குமிழை மேலே இழுக்கலாம். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி தங்கும்.