கூழ்ப்பளிங்கும் படுகோணமும்: ஓர் இறுதியாண்டு ஆய்வின் அனுபவம்

பௌதிகவியல் விசேட பட்டத்தின் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், ஒரே பருமனுள்ள நுண்ணிய சிலிக்காக் கோளங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட மெல்லிய படலத்தில், அதாவது கூழ்ப்பளிங்கில், ஒளி எவ்வாறு தெறிக்கிறது என்பதாகும். கொழும்பில் உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்று, பின்னர் ஆங்கிலமொழி மூல விரிவுரைகளுக்குள் நுழைந்த எனக்கு இந்த ஆய்வில் ஏற்பட்ட சிக்கல்களுள் ஒரு பாதி பௌதிகவியலால் வந்தது. மறுபாதி, படுகோணம் என்ற ஒரே பெயரில் வழங்கும், ஒளி வந்து விழும் கோணத்தை இரண்டு நூல்கள் இரண்டு விதமாக அளந்ததால் வந்தது. இடைக்கால முன்வைப்பில் என்னை வாயடைக்க வைத்ததும் அந்தக் கோணந்தான். ஆகவே, இதே துறையைத் தெரிவுசெய்ய எண்ணியிருக்கும் தம்பி, தங்கையருக்கு அதைப் பற்றியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓபல் கல்லில் தெரியும் பச்சையும் சிவப்பும் எந்தச் சாயத்தாலும் வந்தவை அல்ல. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியுடன் 1964இல் காட்டியபடி, அந்தக் கல்லுக்குள் சில நூறு நனோமீற்றர் விட்டமுள்ள சிலிக்காக் கோளங்கள், கடைக்காரர் தோடம்பழம் அடுக்குவதைப்போல, அடுக்கின்மேல் அடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தெறிக்கும் அலைகள் ஒரே அவத்தையில், அதாவது முகடோடு முகடு பொருந்திச் சேரும் அலைநீளம் மட்டும் வலிமையாகத் திரும்பி வருகிறது. அதே கோளங்கள் ஒழுங்கின்றிக் கிடந்தால் கல் வெறும் பால்வெள்ளையாகவே இருக்கும். நமது மீட்டியாகொடையில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லின் நீலப் பூச்சையும் இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஒளியைச் சிதறச் செய்பவை இரண்டு வகை பெல்சுபார்க் கனிமங்கள் மாறிமாறி அமைந்த மெல்லிய தகடுகள், கோளங்கள் அல்ல.

இனிக் கோணத்துக்கு வருவோம். எக்ஸ்-கதிர்க் கோணலைப் (diffraction) படிக்கும்போது பிராக் விதியை எல்லோரும் மனனம் செய்கிறோம்: அடுக்கிடைத் தூரத்தின் இருமடங்கைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளத்தின் முழுவெண் மடங்கு கிடைக்கும். அந்தக் கோணம் பளிங்கின் தளத்திலிருந்து அளக்கப்படுவது. ஒளியியலிலோ, ஒளிமுறிவுக்கான சினெல்லின் விதியைக் கற்ற நாள் முதல், எல்லாக் கோணங்களையும் மேற்பரப்புக்குச் செங்குத்தான கோடாகிய செவ்வனிலிருந்தே அளக்கப் பழகியிருக்கிறோம். நான் செவ்வனிலிருந்து அளந்த கோணத்தைச் சைனுக்குள் இட்டு, அழகான வரைபும் வரைந்து, முன்வைப்பில் காட்டினேன். மேற்பார்வையாளர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “பிள்ளை, உமது சமன்பாட்டின்படி இந்தப் படலத்தை நேராகப் பார்த்தால் என்ன நிறம் தெரிய வேண்டும்?” பூச்சியத்தின் சைன் பூச்சியம்; அலைநீளமும் பூச்சியம். என் கையில் இருந்த படலமோ நேராகப் பார்க்கும்போதே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

சைனைக் கோசைனாக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணி அடுத்த வாரம் போனேன். அதிலும் பிழை. என் கோளங்களின் விட்டம் 250 நனோமீற்றர். நெருங்கி அடுக்கப்பட்ட கோளங்களில் அடுக்கிடைத் தூரம் விட்டத்தின் 0.816 மடங்கு, அதாவது ஏறத்தாழ 204 நனோமீற்றர். இத்தகைய அடுக்கில் கோளங்கள் கனவளவின் 74 சதவீதத்தை நிரப்ப, மீதி 26 சதவீதம் காற்று. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டியைச் சிலிக்காவுக்கு 1.45, காற்றுக்கு 1 என எடுத்து, வர்க்கங்களை இந்த விகிதத்தில் கூட்டி வர்க்கமூலம் கண்டால், முழுப் படலத்துக்குமான பயனுறு முறிவுச் சுட்டி 1.35இற்குச் சற்றுக் குறைவாக வரும். அதனை அடுக்கிடைத் தூரத்தின் இருமடங்கால் பெருக்கினால் 550 நனோமீற்றர், பச்சை, சரிதான். ஆனால் படலத்தை 45 பாகை சரித்தால், வெறும் கோசைன் கணக்கு 389 நனோமீற்றரைத் தருகிறது. அது கண்ணுக்குப் புலப்படும் எல்லையின் விளிம்பு; படலம் ஏறக்குறைய நிறமற்றுப் போயிருக்க வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில், மாலை வெயிலில் அதைச் சரித்துப் பார்த்தேன். தெளிவான நீலம் தெரிந்தது.

விடுபட்டிருந்தது முறிவு. காற்றிலிருந்து படலத்துக்குள் நுழையும் கதிர் செவ்வனை நோக்கி வளைவதால், வெளியே 45 பாகையாக இருக்கும் கோணம் உள்ளே 32 பாகைக்கும் சற்றுக் குறைவு. அந்த உட்கோணத்தின் கோசைனை இட்டால் 468 நனோமீற்றர் வருகிறது. நான் கண்ட நீலம் அதுவே. பிராக் விதியையும் சினெல்லின் விதியையும் ஒன்றாக்கி, பயனுறு முறிவுச் சுட்டியின் வர்க்கத்திலிருந்து வெளிக்கோணத்தின் சைன் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தை அடுக்கிடைத் தூரத்தின் இருமடங்கால் பெருக்குவதே இத்துறையில் வழங்கும் வடிவம். செய்முறைப் பரீட்சைக்குப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அலைநீளத்தின் வர்க்கத்தை நிலைக்குத்து அச்சிலும், சைன் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். படித்திறனிலிருந்து அடுக்கிடைத் தூரமும், வெட்டுத்துண்டை அதனுடன் சேர்த்துப் பார்த்தால் முறிவுச் சுட்டியும் தனித்தனியே வந்துவிடும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு முறை வரும்வரை காத்திருக்கும் மாணவருக்கு, கோளத்தின் விட்டத்தை முன்கூட்டியே அறிய இதைவிட மலிவான வழி கிடையாது. கருவியை இயக்கும் முன் எதிர்பார்க்கும் அலைநீளத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிடும் பழக்கம் எனக்கு அன்று முதல் வந்தது. நீங்கள் முதல் நாளிலேயே தொடங்கலாம்.

படலம் தயாரிப்பது தனிக்கதை. 1968இல் ஸ்டோபரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முறையில், எதனோலில் அமோனியாவின் முன்னிலையில் சிலிக்காக் கோளங்கள் வளர்கின்றன. விட்டங்களின் வேறுபாடு ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் இல்லாவிட்டால் நல்ல பளிங்கை எதிர்பார்க்க வேண்டாம். கோளங்கள் மிதக்கும் திரவமாகிய கூழில் கண்ணாடித் தட்டை நிமிர்த்தி வைத்தால், திரவம் ஆவியாகும்போது அதன் விளிம்பை நோக்கிய ஓட்டம் கோளங்களை இழுத்துவந்து அடுக்குகிறது. ஆய்வுக் கட்டுரைகள் இதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. கொழும்பிலோ சாரீரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையின்போது நான் நீரில் வைத்த முதல் மூன்று மாதிரிகளிலும், நீர் வற்றுவதற்கு முன்னரே கோளங்கள் குப்பியின் அடியில் படிந்துவிட்டன. எதனோலுக்கு மாறிய பிறகே நிலைமை திருந்தியது. காற்றில் எதனோல் ஆவி இல்லாதபடியால், எவ்வளவு நீராவி இருந்தாலும் அதன் ஆவியாதல் பெரிதாகத் தடைப்படுவதில்லை. போத்தலை மட்டும் இறுக மூடி வையுங்கள். எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

இன்னொன்று: ஐந்து நாட்களில் வளர்ந்த என் படலமொன்றில் குறுக்காகச் சில மங்கிய கோடுகள் விழுந்திருந்தன. துகளின் குறையா, தட்டின் அழுக்கா என்று பல நாட்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கோடுகளை எண்ணிப் பார்த்தபோது, நாளுக்கொன்றாகவே அவை இருந்தன. மாலையில் குளிரூட்டி நிறுத்தப்படும் நேரத்தில் ஆவியாகும் வேகம் மாறி, அடுக்குகளின் எண்ணிக்கையும் அவ்விடத்தில் மாறியிருக்கிறது. குப்பியை வெப்பநிலை மாறாத பெட்டிக்குள் வைத்ததும் கோடுகள் நின்றன.

படலத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்து, நிறமே வரவில்லையென்று கைவிட்டுவிட வேண்டாம். நானும் ஒரு நல்ல மாதிரியை அப்படித்தான் வீசப் பார்த்தேன். தெறிக்காத மற்ற நிறங்கள் எல்லாம் படலத்தை ஊடுருவி, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வந்து பச்சையை மூழ்கடிக்கின்றன. கறுப்பு அட்டைமேல் வைத்தால் அவை உறிஞ்சப்பட்டு, பச்சை தனித்துத் தெரியும். ஆடிவேல் விழாவில் வாங்கிய மயிற்பீலி ஒன்று என் மேசையில் கிடந்தது. அதன் நுண்ணிழைகளில், சுமார் 140 முதல் 165 நனோமீற்றர் இடைவெளியில் வரிசையாக நிற்கும் மெலனின் கோல்களே நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றை வேறுபடுத்துகின்றன. மெலனின் தானே கறுப்பு என்பதால் மயிலுக்கு அட்டை தேவைப்படுவதில்லை. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையை மட்டும் இதற்கு உதாரணம் காட்டிவிடாதீர்கள். அங்கே பாவும் ஊடையும் வேறு வேறு சாயம், அவ்வளவுதான்.

வாய்மொழிப் பரீட்சையில் வழமையாக வரும் கேள்விகள் சில உண்டு. மூன்றாம் அடுக்கு முதலாம் அடுக்கின் நேர்மேலே அமைந்தாலும் விலகி அமைந்தாலும் அடுக்கிடைத் தூரம் மாறாது. எனவே நேராகப் பார்க்கும்போது தெரியும் நிறமும் மாறாது. பௌதிகவியலாளர்களான எலி யாப்லனோவிச்சும் சஜீவ் ஜோனும் 1987இல் தனித்தனியே முன்வைத்த, எல்லாத் திசைகளிலும் ஒளியைத் தடுக்கும் முழுத் தடைப்பட்டை சாதாரண சிலிக்காப் படலத்தில் கிடையாது. அதற்குக் கோளங்கள் இருந்த இடம் வெற்றிடமாகவும், இடைவெளிகள் ஏறத்தாழ 2.8இற்கு மேற்பட்ட முறிவுச் சுட்டியுள்ள பொருளாகவும் இருக்க வேண்டும்.

நான் ஆயத்தமில்லாமல் போன கேள்வி வேறொன்று. பரீட்சகர் ஒருவர் கறுப்பு அட்டைமேல் இருந்த என் படலத்தைத் தம் பக்கம் இழுத்து, ஒரு துளி நீரை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக 1.33 முறிவுச் சுட்டியுள்ள நீர் வருமென்று மனதில் கணக்கிட்டு, 580 நனோமீற்றர், மஞ்சளாகும் என்று துணிந்து சொன்னேன். அவர் துளியை விட்டார். மஞ்சள் வரவில்லை, துளி பட்ட இடத்தில் படலமே காணாமற்போய்க் கறுப்பு அட்டை தெரிந்தது. நான் சொன்ன அலைநீளம் சரி. ஆனால் அது எவ்வளவு வலிமையாகத் தெறிக்கும் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சிலிக்காவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் செவ்வன் வழியே சுமார் 3.4 சதவீத ஒளி தெறிக்கிறது; சிலிக்காவும் நீரும் சந்திக்கும் எல்லையில் 0.2 சதவீதம்கூட இல்லை. இதை நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள், துளியின் ஓரத்திலிருந்து பச்சை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.