எரிமலை ஒப்படையும் கன்னியாவில் தொலைத்த மூன்று வாரமும்

அடுத்த வருடமும் யாராவது இதே ஒப்படையோடு நிற்பார்கள். எங்களைப் போல அவர்களும் அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகள் தரம் 11. புவியியலுக்கு எரிமலை பற்றி ஒப்படை, உள்ளூர் உதாரணம் ஒன்றும் சேர்க்கச் சொன்னார் ரீச்சர். திருகோணமலையில் இருந்துகொண்டு வேறு எதை யோசிப்பது? கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான். ரியூஷன் நோட்ஸிலும் கன்னியா வெந்நீர் எரிமலையால்தான் சூடாகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பியதுதான் பிழை.

முதல் சனிக்கிழமை பத்து மணிக்குப் போனோம். ஏழு கிணற்றைச் சுற்றியும் குளிக்க வந்த சனம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீற்றரைத்தான் கொண்டு போயிருந்தோம். வெயிலில் நின்ற வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஒரே கிணற்றுக்கு மூன்று தடவையும் மூன்று எண். ஓட்டோக் காசு வீண்.

சரி, புத்தகத்தைப் பார்ப்போம் என்று ஒரு வாசிகசாலைக்குப் போனால் அலுமாரி பூட்டு, சாவி வைத்திருப்பவர் லீவு. திங்கட்கிழமை போனால் பாடசாலைக் கடிதம் வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். கடிதத்தோடு மூன்றாம் தடவை போய் எடுத்த புத்தகத்தில், எரிமலை அத்தியாயத்தின் நடுவில் இரண்டு தாள் இல்லை. படத்துக்காக யாரோ பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார்கள், வெட்டிய ஓரம் அப்படியே தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மிஞ்சிய பக்கங்களும் இரவில் பார்த்த வீடியோக்களும்தான் கைகொடுத்தன. படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மலை ஏன் வெடிக்கிறது என்று தொடங்காதீர்கள், பாறை ஏன் உருகுகிறது என்று தொடங்குங்கள். நமக்குக் கீழே எங்கும் நெருப்புக் கடல் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புவியோட்டுக்குக் கீழேயும் பெரும்பாலும் திண்மப் பாறைதான். புவியின் மேற்பகுதி புவித்தகடுகள் என்ற பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவை விலகும் இடத்தில் அழுத்தம் குறைந்து அது உருகும். ஒரு தகடு இன்னொன்றின் கீழே அமிழும் இடத்தில், அமிழும் தகட்டோடு போகும் நீர் மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். ஹவாய் போன்ற இடங்களில் ஆழத்திலிருந்து சூடான பாறை எழுந்து வந்து உருகும். மக்மாவில், அதாவது உருகிய பாறைக் குழம்பில், சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) கூடினால் குழம்பு தடித்து, உள்ளே இருக்கும் வாயு வெளியேற முடியாமல் வெடிக்கும். குறைந்தால் ஹவாயில் போல வழிந்தோடும். இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் இலகு.

இலங்கை தகட்டின் உள்ளே இருக்கிறது, விளிம்பில் இல்லை. அதனால் இங்கே எரிமலை இல்லை. ஆனால் கிழக்கே, சுமாத்திரா, ஜாவா ஓரமாக, நம் பக்கத்துத் தகடு கீழே அமிழ்கிறது. 1883 ஓகஸ்ட்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தது அங்கேதான். சத்தம் 4,800 கிலோமீற்றருக்கு அப்பால் இந்து சமுத்திரத்தின் மேற்கே உள்ள ரொட்றிகஸ் தீவு வரை கேட்டது, அது எழுப்பிய கடலலை இலங்கைக் கரைக்கும் வந்தது. 2004 டிசம்பர் 26 நம்மை அடித்த சுனாமி எரிமலையால் வந்ததல்ல, நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் அதுவும் அதே அமிழும் விளிம்பில்தான் தொடங்கியது. இதைப் படித்த இரவு மகள் கனநேரம் பேசாமல் இருந்தாள். அவள் பெரியம்மா நிலாவெளியில் அந்த அலையில் போனவர்.

அப்புறம் கன்னியாவுக்கு மறுபடி. இந்த முறை பாடசாலை ஆய்வுகூடத் தெர்மோமீற்றர், காலையில், கூட்டம் சேர முதல், வாளியை இழுத்த கையோடு நிழலில் வைத்து. 41 பாகை, மூன்று தடவையும். கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை கீழே சூடு ஏறும் என்று படித்திருந்தோம். மழைநீர் 28 பாகையில் பாறை விரிசல்களுக்குள் இறங்கினால் 41 ஆக 13 பாகை ஏற வேண்டும், அதற்கு ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் இறங்க வேண்டும், மேலே வரும்போது ஆறுவதால் உண்மையான ஆழம் இன்னும் கூட. இந்தக் கணக்கை மகளே போட்டாள். எரிமலை தேவையே இல்லை!

ஒப்படையில் கன்னியாவை எரிமலை இல்லாத வெந்நீருக்கு உதாரணமாக வைத்தாள். நோட்ஸில் இருந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் கணக்கை எழுதியிருக்கிறாள். ஆய்வுகூடத் தெர்மோமீற்றர் கேட்பதென்றால் வியாழனே கேளுங்கள், வெள்ளி மதியத்துக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள்.