அம்மாவின் பாயும் தம்பி அனுப்பிய சிவப்பு டோர்ச்சும்

அம்மாவுக்கு 74 வயது. கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பன்பாயை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர், பாயில் ஓடும் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே, "இஞ்ச பாரு மகள், இது ஏன் நடுவில நெளிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். கோடு நேராகத்தான் இருந்தது. பாய் பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு கிழமை கழித்து, சுளகில் அவர் பார்த்துப் பொறுக்கிய அரிசியில் சமைத்த சோற்றில் கல் கடிபட்ட பிறகுதான் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் நினைத்தது வெண்புரை, வெட்டினால் சரி என்று. ஆனால் டொக்டர் சொன்னது வயதோடு வரும் மக்குலா தேய்வு, உலர்ந்த வகை, நடுத்தரக் கட்டம். விழித்திரையின் நடுவில் மஞ்சள் படிவுகள் சேர்ந்து அந்த இடத்துச் செல்கள் மெல்ல மெல்லச் சாகிற நோய். ஓரப் பார்வை போகாது, அதனால் கிணற்றடிக்குத் தனியாகப் போய் வருவார், வாசலில் நிற்பவரின் முகம்தான் தெரியாது.

தம்பி சுவிஸில். விசயம் தெரிந்த அன்றிரவே வட்ஸ்அப்பில் வீடியோக்கள் வரத் தொடங்கின, அடுத்த மாதம் பார்சல்: ஒரு சிவப்பு டோர்ச், இரண்டு போத்தல் குளிசை. டோர்ச்சை தினமும் 3 நிமிடம் பார்த்தால் பார்வை திரும்பிவிடும் என்று வீடியோவில் ஒருவர் கத்துகிறார்.

ஒளிச் சிகிச்சை முழுப்பொய் இல்லை, அதுதான் சிக்கல். 590, 660, 850 நனோமீற்றர் ஒளியை அளந்து கண்ணுக்குள் விடும் வலீடா என்ற மெஷினுக்கு 2024 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, உலர்ந்த வகைக்கு மட்டும். செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைற்றோகொண்ட்ரியாவை அந்த ஒளி உசுப்புகிறது என்பது கணக்கு. 9 தடவை, 3 முதல் 5 கிழமைக்குள், பிறகு 4 மாதத்துக்கொரு முறை மறுபடியும். பலன்? ஆய்வில் 13 மாதத்தின் பின் ஒளி பட்ட கண்கள் பார்வை அட்டையில் சராசரி 5 எழுத்து சொச்சம் கூடுதலாக வாசித்தன, ஒப்பிட்டுப் பார்க்கப் போலி ஒளி விட்ட கண்களும் 3 எழுத்து கூடுதலாக வாசித்தன. ஒரு வரிக்கே 5 எழுத்து. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வரி அளவுதான், இதற்காகத்தான் அந்த வீடியோக்காரர் அப்படிக் கத்துகிறார். அளவு தெரியாத டோர்ச்சை அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது கரண்ட் போனால் கோழிக்கூடு பார்க்க உதவுகிறது.

குளிசை வேறு கதை. 2001 இல் வெளியான ஏரெட்ஸ் என்ற அமெரிக்கக் கண்நோய் ஆய்வில் விற்றமின் சி 500 மில்லிகிராம், விற்றமின் ஈ, பீற்றா கரோட்டின், சிங்க் 80 மில்லிகிராம், செம்பு சேர்த்துக் கொடுத்தபோது, நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்கள் முற்றிய கட்டத்துக்குப் போகும் ஆபத்து 5 வருடத்தில் சுமார் 25 வீதம் குறைந்தது. போன பார்வை திரும்பாது, போவதுதான் தாமதமாகும், ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பலனும் இல்லை. தம்பி அனுப்பியதில் ஒரு போத்தல் அந்தப் பழைய கலவை. பக்கத்து வீட்டு மாமா, "மிச்சமிருந்தா எனக்கும் தா புள்ள" என்று கேட்டார். சுருட்டுக் குடிக்கிறவர். புகைப்பவர்களுக்கு பீற்றா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பதால்தான் 2013 இல் அதை எடுத்துவிட்டு கீரை, சோளன், முட்டையில் இருக்கும் மஞ்சள் நிறப்பொருள்களான லூற்றீன் 10, சியாசாந்தின் 2 மில்லிகிராம் போட்டார்கள். மாமாவுக்கு இதை விளக்கி முடிக்க ஒரு பிளேன்ரீ ஆறிப்போனது, அவருக்குக் கோபம் வேறு. டொக்டரிடம் காட்டிவிட்டு அம்மாவுக்குப் புதிய கலவையை மட்டும் கொடுக்கிறேன்.

முருங்கை இலைச் சுண்டலும் அவித்த சோளனும் முட்டையும் வீட்டில் கூடியிருக்கின்றன. லூற்றீன் கொழுப்போடுதான் உடம்பில் சேரும், ஆக சுண்டலில் தேங்காய்ப்பூவைக் குறைக்காதீர்கள். ஆனால் 80 மில்லிகிராம் சிங்க் எந்தச் சுண்டலிலும் வராது.

உலர்ந்த வகை சிலருக்கு ஈர வகையாக மாறும், புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். அப்போது கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அதுவும் சுணங்காமல். அதற்குத்தான் அம்ஸ்லர் கட்டம்: நடுவில் புள்ளி வைத்த சதுரக் கோட்டுத் தாள். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும், இரண்டையும் திறந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் பிழையை மூடிவிடும். பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பார்ப்பது எனக்காக. விடிந்ததும் பாயைச் சுருட்டுமுன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சிவப்புக் கோட்டைப் பார்த்து, "நேத்து மாதிரித்தான் மகள்" என்கிறார். அந்தப் பாயை நான் இன்னும் மாற்றவில்லை.